எந்தப் பய கை வச்ச இஞ்சினோ!

…கையா சார் அது? காலு! காலு வெரல்ல ஸ்பானரக் கவ்விக்கிட்டு வேல பாத்துருக்கான் அந்த மகராசன். இல்லேன்னா ஒரு புல்லட்டு இஞ்சின இப்புடிக் கொலை பண்ண முடியுமா சொல்லுங்க! …ஒக்காருங்க சார், ஏன் நிக்கிறீங்க? அந்த ஸ்டூலு வேணாம், கிரீசு அப்பிக்கெடக்கு. இங்கிட்டு டயரு மேல ஒக்காருங்க. ஒங்க ஸ்கூட்டருக்கு ஆயிலுதான மாத்தணும்? அடி நட்டக் கழட்டி விட்டுட்டேன், பழைய ஆயிலு வடியுது பாருங்க. முழுசா வடியட்டும். சில பேரு பாதி வடியும்போதே நட்டப் பூட்டிட்டுப் புது ஆயில ஊத்திருவானுங்க. இந்த நாகராசுகிட்ட அந்த வேலையெல்லாம் கெடையாது. பதறாத காரியம் சிதறாது சார். வர்றவங்க எல்லாருக்கும் நான் இதத்தான் சொல்றது.

ஓ… ஸ்கூலுக்குப் புதுசா வந்துருக்குற சயின்ஸ் சாரு நீங்கதானா! அட! அப்ப ஒங்களுக்குச் சொன்னாத்தான் வெளங்கும். இந்த ஊருல யாருகிட்ட சொல்லி என்ன, எல்லாப் பயலும் பட்டன அமுக்குற கேசு.

அந்தா, தார்ப்பாயில பரத்திப் போட்டுருக்கேன்ல? கட்டுமாவடி அனீபா பாய் வண்டி. எழுவத்து நாலாம் வருசத்து மாடலு. இருவத்தேழு வருசமா கருவாட்டுக் கொட்டாய்க்குள்ள கெடந்துருக்கு. கடக்கர காத்து, உப்பு… டேங்குக்குள்ள கைய விட்டா துரு கைநெறயா வருது. சைலன்சருக்குள்ள கொளவி கூடு கட்டி, பேரம்பேத்தி எடுத்துருச்சு. சீட்டுல கோழி அடகாத்துருக்கு சார், வைக்கோலு அப்புடியே இருந்துச்சு! அதப்பத்தியெல்லாம் நான் ஒரு வார்த்த கொற சொல்லல. உப்புன்னா அரிக்கத்தான் செய்யும், கோழின்னா முட்ட போடத்தான் செய்யும். அதுங்க என்ன, மெக்கானிக்குன்னு போர்டா மாட்டிக்கிருச்சு?

போர்டு மாட்டுன பய ஒருத்தன் இதுக்குள்ள கைய விட்டுருக்கான் பாருங்க… அவனத்தான் சொல்றேன். கட்டுமாவடிலேருந்து இங்க வர்ற வழியில எத்தன ஒர்க்‌ஷாப்பு இருக்கு? அறந்தாங்கில மட்டும் தடுக்கி விழுந்தா ஒர்க்‌ஷாப்பு. அம்புட்டையும் தாண்டி, குட்டியானைல ஏத்தி, அரிமளத்துக்குக் கொண்டாந்து என் வாசல்ல எறக்குறாரு பாயி. கூட அவரு மக பவுசியா. "அத்தா, இது ரொம்பத் தூரம், பக்கத்துலயே பாப்போம்"னு அந்தப் பொண்ணு சொல்லுது. அவரு கேக்கல. "நாகராசு கையிலதான் குடுக்கணும்"னு ஒத்தக் கால்ல நின்னுருக்காரு. எப்புடி! அன்னைக்கு எனக்குச் சட்ட பட்டனு தெறிக்காததுதான் பாக்கி. பொற்கொடியக் கூப்புட்டு, "பாத்தியாடி, நம்ம பேரு கடல் வரைக்கும் போயிருக்கு"ன்னேன். என் வீட்டுக்காரி இருக்காளே, "கடல்ல போயி விழாம இருந்தாச் சரி"ங்குறா.

என்ன சார் மணி பாக்குறீங்க? வடியட்டும், வடியட்டும்.

மொத நாளு கழட்டுனேன். ஸ்குரூவு எடுக்க எடுக்க, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சாதி. ஒண்ணு தட்டத் தல, ஒண்ணு உருண்டத் தல, ஒண்ணு தலையே இல்ல! மரை போன போல்ட்டுக்கு நூலச் சுத்தி, சுத்தியலால அடிச்சு எறக்கிருக்கான். ஆணி அடிக்கிற மாதிரி, இஞ்சினுல! அப்பறம் வாசரு… இந்தா இதப் பாருங்க. என்ன தெரியுதா? பத்துப் பைசா சார்! அந்த வளவளன்னு ஓரம் இருக்கும்ல, பழைய அலுமினியம் பத்துப் பைசா. அதுல நடுவுல ஓட்டையப் போட்டு வாசரா மாட்டிருக்கான். அரசாங்கத்து சிங்கத்த வயித்துலயே குத்திப்புட்டான் படுபாவி!

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். போட்டோ எடுத்தேன், வாட்ஸப்புல ஸ்டேட்டஸு வச்சேன். "இன்றைய கூத்து: பத்துப் பைசா வாசர்." அவ்வளவுதான், மாவட்டத்து மெக்கானிக் குரூப்பே பத்திக்கிச்சு. "யாருண்ணே அந்த மேதை?", "அண்ணே அவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்ணே". மறுநாளு ஆணி அடிச்ச போல்ட்டு. அதுக்கு மறுநாளு டேங்குல சோப்புக் கட்டிய அப்பி ஓட்டைய அடைச்சிருந்தான், அது. பதினோரு நாளு சார், நாளுக்கொரு கூத்து! சினிமாவுக்குக் கூட அம்புட்டுக் கூட்டம் வராது. அனீபா பாயி மக போனுல அவரும் பாக்குறாரு போல. எல்லாத்துக்கும் ஒரு சிரிக்கிற பொம்ம போட்டுருவாரு. கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிக்கிற பொம்ம. அவருக்கே சிரிப்பு வருதுன்னா நான் எம்புட்டு நல்லாப் பேசிருக்கேன்னு பாத்துக்கங்க.

…அய்யோ, அந்தப் பேப்பரத் தூக்காதீங்க சார்! மேசை மேல இருக்குல்ல, அத அப்புடியே விட்டுருங்க. ஒண்ணுமில்ல. ஒரு மூடிதான். காயுது. இந்தாங்க டீ ஆறுது, குடிங்க.

எங்க விட்டேன்? ஆங், பாயி. வண்டிய எறக்குனப்பவே கேட்டேன், "எப்பலேருந்து பாய் நிக்கிது?"ன்னு. அப்பத்தான் கதையச் சொன்னாரு. தொண்ணூத்தெட்டுல சவுதிக்கு விசா வந்துருக்கு. திருச்சில ஏஜெண்டு ஆபீசுக்கு பாஸ்போட்ட எடுத்துக்கிட்டு பத்து மணிக்குள்ள வாங்கன்னு தந்தி. அதுக்காகவே வண்டிய முழுசா இஞ்சின் வேல பாத்து வச்சுருக்காரு. அஞ்சு நாளு ஊருக்குள்ளயே பூப்போல ஓட்டிருக்காரு. ஆறாவது நாளு விடியக்காலைல சட்டைய மாட்டிக்கிட்டு மெயின் ரோட்டுல முறுக்கிருக்காரு. அறந்தாங்கி தாண்டி ஆளில்லாத பொட்டல்ல… கீச்சுனு ஒரு சத்தம். ஜாமு! சக்கரம் இழுத்துப் புடிச்சு ஆளு ரோட்டோரம் முள்ளுல. வண்டியத் தள்ளி, லாரிக்காரன்கிட்ட கெஞ்சி, திருச்சி போயிச் சேர்ந்தா மதியம். அந்த எடத்துக்கு வேற ஆளப் போட்டு அனுப்பிட்டானுங்க. அதுக்கப்பறம் வயசு தாண்டிருச்சு, விசாவும் வரல. ஐஸ் பெட்டியத் தலைல தூக்கி மீன் வித்தே நாலு புள்ளையக் கரையேத்திருக்காரு. வண்டிய அன்னைக்குக் கொட்டாய்க்குள்ள தள்ளுனவருதான், தொறந்து கூட பாக்கல.

எனக்கு வயிறு எரிஞ்சுருச்சு சார். "எந்தப் பய பாய் அவன்? பேர மட்டும் சொல்லுங்க, கைய ஒடிச்சு அடுப்புல வைக்கிறேன்"னு குதிக்கிறேன். ஒரு மனுசன் சோத்துல மண்ணப் போட்டவன் நிம்மதியாத் தூங்கலாமா? அவரு என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. "வேணாம் தம்பி. அவனுக்கு அன்னைக்கு என்ன அவசரமோ"ன்னாரு. எம்புட்டுப் பெரிய மனசு பாருங்க! அப்பறம் அந்தா ஷெல்புல இருக்கே, அந்த மஞ்சக் கட்டு… ஆமா, பத்திரிகைதான். என் மக காவ்யாவுக்கு அடுத்த மாசம் கல்யாணம். அதப் பாத்துட்டு, "மகளுக்கா? ஒங்க கல்யாணம் எப்ப தம்பி நடந்துச்சு?"ன்னாரு. தொண்ணூத்தெட்டு தை மாசம்னேன். "ம்ம்"னுட்டு, தாடியத் தடவிக்கிட்டே போயிட்டாரு. வயசானா இப்புடித்தான், சம்பந்தமில்லாம எதையாச்சும் கேப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.

சரி, இஞ்சினுக்கு வாரேன். பிஸ்டனு அசையல. மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து மேல ஊத்தி ஒரு வாரம் ஊறப்போட்டு, கட்டைய வச்சுத் தட்டித் தட்டி எடுத்தேன். புள்ளப்பேறு பாக்குற மாதிரி! கீழ போனா, கனெக்டிங் ராடு இருக்குல்ல, பிஸ்டனுக்கும் கீழ சுத்துற சக்கரத்துக்கும் நடுவுல இருக்குற தண்டு, அது அடில நீலம் பூத்துக் கெடக்கு. சயின்ஸ் சாரு, இரும்பு எப்ப சார் நீலமாவும்? …ஆமா! சூட்டுல! எண்ணெ வரல, காஞ்சு கருகிருக்கு. ஏன் வரல? இதான கேள்வி. ஆயிலு டேங்கப் பாத்தேன், சரி. பைப்பப் பாத்தேன், சரி. பம்பக் கழட்டிப் பாத்தா, இன்னைக்கு நேத்து வாங்குன மாதிரி இருக்கு. எல்லாம் சரி, ஆனா எண்ணெ மட்டும் போகல. குரூப்புல எழுதிப்புட்டேன், "நாளை காலை கொலைகாரன் பிடிபடுவான்"னு. எழுதுனது எப்ப? நேத்து. வாயக் குடுத்து எதையோ புண்ணாக்கிக்கிறதும்பாங்களே, அந்தக் கத.

இன்னைக்குக் காலைல… சரி விடுங்க. வேற என்ன, ஸ்கூலெல்லாம் எப்புடிப் போவுது? பயலுக சேட்ட ஜாஸ்தியா?

…இல்ல சார், சொல்லிருவோம். யாருகிட்டயாச்சும் சொல்லலேன்னா எனக்கு வெடிச்சுரும். பொற்கொடிகிட்ட சொல்ல முடியாது. நீங்க வெளியூரு.

இஞ்சினுக்குப் பக்கவாட்டுல ஒரு மூடி வரும். அந்த மூடிக்கும் இஞ்சினுக்கும் நடுவுல ஆயிலு கசியாம ஒரு அட்டை வைப்போம், கேஸ்கட்டு. அந்தக் காலத்துல கேஸ்கட்டு வேணும்னா திருச்சிக்கு ஆளனுப்பணும். அதனால நாங்களே வெட்டிக்குவோம். காலண்டரு அட்ட, சட்டப் பொட்டி அட்ட, கெடச்சது எதாயிருந்தாலும் சரி. ஆனா இருக்குறதுலயே சொகம் எது தெரியுமா? கல்யாணப் பத்திரிகை சார். நல்லா வழவழன்னு, அளவான கனம். மூடி மேல வச்சு, சின்னச் சுத்தியலால ஓரத்துலயே டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டு வந்தா விளிம்பு தானா வெட்டிரும். ஓட்ட இருக்குற எடத்துல பேரிங்குல வர்ற இரும்புக் குண்டு ஒண்ண வச்சு ஒரு தட்டு. வட்டமா விழுந்துரும். ஊருல யாரு வீட்டுக் கல்யாணம்னாலும் மெக்கானிக்குக்கு நாலு கேஸ்கட்டு மிச்சம்.

இந்த மூடி மூணு நாளா மண்ணெண்ணெத் தட்டுல ஊறிக்கிட்டு இருந்துச்சு. பழைய கேஸ்கட்டு மூடியோட ஒட்டி, கன்னங்கரேல்னு, எது இரும்பு எது அட்டைன்னே தெரியல. காலைல புதுசு வெட்டணும். பழக்கதோசம், மக பத்திரிகைல ஒண்ண உருவிட்டேன். அடையாளம் எடுக்கணும்ல, மூடிய நல்லாத் தொடைச்சேன். தொடைக்கத் தொடைக்க… எழுத்து வருது சார்.

ஆமா சார், எழுத்து! "சுற்றமும் நட்பும் சூழ"ன்னு தெளிவா இருக்கு. மூலைல மஞ்ச தடவுன கறை. எனக்குச் சிரிப்புத் தாங்கல. "அடப் பாவி, எவன் கல்யாணத்தடா இஞ்சினுக்குள்ள வச்சு நடத்துன!"ன்னு போனக் கூட எடுத்துட்டேன், ஸ்டேட்டஸு வைக்க. இன்னும் கொஞ்சம் தொடைச்சேன். "தை மாதம்". இன்னும் கொஞ்சம். "திருவளர்ச்செல்வி பொற்கொடி".

போனு கைலேருந்து நழுவி மண்ணெண்ணெத் தட்டுல விழுந்துருச்சு.

இந்தாங்க. இப்பத் தூக்குங்க அந்தப் பேப்பர. பாருங்க. இந்த மூடில எண்ணெ போறதுக்கு ஒரு ஓட்ட உண்டு. எல்லா ஓட்டையும் தட்டிருக்கான், அது ஒண்ணத்தான் தட்டல. ஊசி மொன அளவுக்குக் கசிஞ்சுதான் அஞ்சு நாளு ஓடிருக்கு. சரி, அந்த ஓட்டைய மறிச்சுக்கிட்டு யாரு நிக்கிறாம்பாருங்க. படிங்க சார். நீங்கதான வாத்தியாரு, சத்தமாப் படிங்க… "திருநிறைச்செல்வன் நாகராசு". இவருதான். அவ பேரு இருக்குற பக்கம் இருவத்தேழு வருசமா ஒரு சொட்டு கசியல. இந்த நாயி பேரு இருக்குற எடத்துலதான் அடைப்பு!

அப்ப நான் அறந்தாங்கில ஒருத்தருகிட்ட வேல பாத்தேன். மாசம் இருவது வண்டி. கல்யாணத்துக்கு நாலு நாளு, கைல ஒரு கட்டுப் பத்திரிகை, சாயங்காலத்துக்குள்ள மாமன் வீட்டுக்கெல்லாம் வைக்கணும். கடைசி வண்டி இது. அப்ப பச்சக் கலரு பூசிருந்துருக்கும், இப்ப எல்லாம் துரு. பாய்க்குத் தாடி கருகருன்னு இருந்துருக்கும். எனக்கெங்க ஞாபகம்? ஆனா அந்தப் பத்துப் பைசா… அது என் சட்டப்பையிலேருந்து எடுத்ததுதான். காலைலேருந்து அது மட்டும் நல்லா ஞாபகம் வருது. பதினோரு நாளு ஸ்டேட்டஸு! மல்லாக்கப் படுத்துக்கிட்டுக் காறிக்காறித் துப்பிருக்கேன் சார், சொட்டு கீழ விழாம.

அடுப்புல போட்டுரலாமான்னு நெனச்சேன். பொய் சொல்லல. நெருப்புப் பொட்டிய எடுத்துட்டேன். யாருக்குத் தெரியப்போவுது? அப்பறம் மனசு கேக்கல, போனத் தொடச்சு பாய்க்கு அடிச்சேன். "பாய்… காரணம் கெடச்சுருச்சு"ன்னேன். மெதுவாக் கேக்குறாரு, "என்ன தம்பி, பத்திரிகை கெடச்சுருச்சா?"

"ஒங்களுக்கு எப்புடி பாய் தெரியும்?"னு கத்திட்டேன். "அன்னைக்கு நீ வெட்டுறப்ப பக்கத்துலதான் ஒக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன். மஞ்ச தடவுனத இப்புடிப் போட்டு வெட்டுறானேன்னு மனசுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. மாப்புள்ளப் பயகிட்ட என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டேன்"ங்குறாரு. வண்டி நின்ன மறுமாசம், நான் எங்க இருக்கேன்னு விசாரிச்சு சண்ட போடத் தேடி வந்துருக்காரு சார்! இதே அரிமளத்துக்கு, இதே வாசலுக்கு. அப்ப நான் சொந்தமாக் கடை தொறந்து பத்து நாளு. "நீ இல்ல. புதுத்தாலி மஞ்சளு மாறாம ஒரு புள்ள வாசத் தெளிச்சுக்கிட்டு நின்னுச்சு. 'வாங்கண்ணே, ஒக்காருங்க, இப்ப வந்துருவாங்க'ன்னு சொம்புல தண்ணி குடுத்துச்சு. அது மூஞ்சியப் பாத்துட்டு என்ன சண்ட போடுறது? குடிச்சுட்டு வந்துட்டேன்."

இத்தன வருசம் வாயத் தொறக்கல சார் அந்த மனுசன். இப்ப மக, வண்டியப் பழைய இரும்புக்குப் போட்டுருவோம்னு சொல்லிருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு தடவ அந்தச் சத்தத்தக் கேக்கணுமாம். "நீ ஆரம்பிச்ச வேல, நீயே முடிச்சுக் குடு"ங்குறாரு. என் பேரு கடல் வரைக்கும் போயிருக்குன்னு ஆடுனேன்ல? போயிருக்கு. இப்புடித்தான் போயிருக்கு!

"பாய், அந்த சவுதி…"ன்னு இழுத்தேன். "அத விடு"ன்னாரு. அவ்வளவுதான். நல்லா நாலு வார்த்த, ஆத்தா அக்கான்னு திட்டிருந்தாக் கூட நான் சோறு தின்னுருப்பேன் சார். அத விடுன்னா எங்க சார் விடுறது? காலைலேருந்து நெஞ்சுக்குள்ளயே நிக்கிது. வெக்கமா இருக்கு. கடைசில போன வைக்கிறப்ப சொல்றாரு, "ஒரே ஒரு வருத்தந்தான் தம்பி. வண்டிக்குப் பத்திரிகை வச்ச, எனக்கு வைக்கலியே"ன்னு. சொல்லிட்டு அப்புடிச் சிரிக்கிறாரு!

நாலு மணிக்கு வாரேன்னுருக்காரு, நேர்ல பாக்க. குரூப்புல ஒவ்வொருத்தனும் "பேரச் சொல்லுண்ணே, பேரச் சொல்லுண்ணே"ங்குறான். சொல்லிருவேன். இந்த மூடியவே படம் புடிச்சுப் போட்டுருவேன், பேருதான் அச்சுலயே இருக்கே. ராட மதுரைக்கு அனுப்பிப் புதுசு போட்டு, அவரு கேக்க ஆசப்பட்ட சத்தத்தக் கேக்க வைக்காம நான் இன்னொரு வண்டியத் தொடமாட்டேன். கேஸ்கட்டு கடையில வாங்குனதுதான், பத்திரிகைய இனிமே தொட்டா கைய வெட்டிக்கிறேன். வீட்டுல தாம்பாளத்துல பழம் வெத்தல எடுத்து வைக்கச் சொல்லிருக்கேன். மக கல்யாணத்துக்கு மொதப் பத்திரிகை கொலசாமிக்கு வச்சாச்சு. ரெண்டாவது பாய்க்கு. மேல அவரு பேர எழுதி, நின்னு, ரெண்டு கையாலயும். "யாருங்க அந்த பாயி, அண்ணன் தம்பிக்கு முன்னாடி?"ன்னு பொற்கொடி கேக்குறா. ஒன்னாலதான்டி நான் அன்னைக்கு அடி வாங்காமத் தப்பிச்சேன்னு எப்புடிச் சொல்றது?

அதான் சார், அவசரங்குறது இருக்கே… அவசரத்துல ஒரு ஓட்ட, ஒரே ஒரு ஓட்ட மறந்தா… அந்தா ஆட்டோ வருது. அவருதான். பொற்கொடீ! தாம்பாளத்தக் கொண்டா! …வாங்க பாய், வாங்க, பாத்து எறங்குங்க. மொதல்ல இதப் புடிங்க. இல்ல பாய், நான் நின்னுக்கிட்டேதான் குடுக்கணும்… சார், நீங்களும் ஒரு பழம்… சார்? எங்க போயிட்டாரு? சார்! ஏன் சார் வண்டிய ரோட்டுல எறக்குறீங்க? நம்ம வேலையப் பத்தித் தப்பா நெனக்காதீங்க, அது தொண்ணூத்தெட்டு சார்! இப்பல்லாம் நான்…

ஏய்… சார்! ஸ்டார்ட் பண்ணாதீங்க! சார்ர்ர்! ஆயிலு! வடிய விட்டதோட சரி, ஊத்தவே இல்ல சார், உள்ள ஒரு சொட்டு ஆயிலு இல்ல! பாய், ஆட்டோவக் குறுக்க விடச் சொல்லுங்க பாய்! அய்யோ, சிரிக்கிறத அப்பறமா வச்சுக்கங்க பாய், மொதல்ல அந்த சாரப் புடிங்க!